போரானில் இறங்கும் பாட்டு

தி.நகரில் ஒரு பள்ளிக்கூடத்து வாசல். பரீட்சை முடிந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். என் அம்மாவை மட்டும் காணோம்.

மார்ச் மாதத்து மத்தியான வெயில். கேட்டுக்கு எதிரே ஒரு அம்மாள் தள்ளுவண்டியில் வெள்ளரிப்பிஞ்சைக் கீறி, மிளகாய்ப்பொடி தடவி விற்றுக்கொண்டிருந்தாள். நான் யூனிபார்மோடு ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா கண்ணு, யாருக்கு வெயிட் பண்றே? அக்காவுக்கா?" என்றாள்.

"அம்மாவுக்கு."

"அம்மா டீச்சரா?"

"இல்ல. பரீட்சை எழுத வந்திருக்காங்க."

பிஞ்சைக் கீறிக்கொண்டிருந்த கத்தி நின்றுவிட்டது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒரு பிஞ்சை எடுத்து நீட்டி, "துன்னு. துட்டு வாணாம்," என்றாள். எங்கள் குடும்பத்தின் மேல் அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது.

அன்று காலை நானும் அதே கெமிஸ்ட்ரி பரீட்சையை மயிலாப்பூரில் என் பள்ளிக்கூடத்தில் எழுதியிருந்தேன். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே கேள்வித்தாள். எழுதி முடித்த கையோடு பன்னிரண்டு பி பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்திருந்தேன். காரணம், அந்தக் கேள்வி வந்திருந்தது. நாங்கள் மூன்று மாதமாக மொட்டை மாடியில் மல்லுக்கட்டிய அதே கேள்வி. அதை அம்மா எழுதினாளா இல்லையா என்று தெரியாமல் எனக்கு மோர்சாதம்கூட இறங்காது.

மணி ஆகிக்கொண்டே இருந்தது. வாட்ச்மேன் கேட்டின் ஒரு கதவைச் சாத்த ஆரம்பித்தார்.

ப்ளஸ் டூ வரைக்கும்

அம்மாவின் பெயர் வைதேகி. தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ என்று ஒன்று புதிதாக வந்த காலத்தில் அதைப் படித்தவள். மற்ற எல்லாவற்றிலும் தேறி, கெமிஸ்ட்ரியில் ஃபெயில். ரிசல்ட் வந்த மாதமே கல்யாணம். அடுத்த வருஷம் நான். அதோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

நான் பெரியவளானதும், மந்தைவெளியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்து ஆபீஸில் அம்மாவுக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. அட்டெண்டன்ஸ் எடுத்து வைப்பது, டிசி எழுதுவது, சாயங்காலம் வேன் வந்ததும் வராந்தாவில் நின்று பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. அந்தக் கடைசி வேலைதான் அவளுக்கு உயிர். ஒருநாள் சாவி வாங்கப் போனபோது பார்த்தேன். "கார்த்திக், யூகேஜி பி" என்று அவள் கூப்பிட்டது தெருமுனை வரை கேட்டது. வீட்டில் இருக்கும் அம்மாவும் இவளும் ஒரே ஆள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

நான் ப்ளஸ் டூ படித்த வருஷம் அந்தப் பள்ளிக்குப் புதிய கரஸ்பாண்டென்ட் வந்தார். ஆபீஸில் இருப்பவர்கள் எல்லோரும் வரும் ஜூனுக்குள் ப்ளஸ் டூ தேறிய சான்றிதழைக் காட்ட வேண்டும், காட்டினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

"நீ என்ன படிச்சிருக்கேன்னு சொல்லி அந்த வேலையில சேர்ந்தே?" என்று கேட்டேன்.

"ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சிருக்கேன்னு சொன்னேன். அது பொய்யாடீ?" என்றாள் அம்மா.

பொய்யில்லைதான்.

ஒரு விசில் குறைவு

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அபிராமபுரத்தில் ஒரு போர்ஷன். ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. அப்பாவுக்கு ஒரு தினசரிப் பத்திரிகையின் அச்சகத்தில் ராத்திரி ஷிப்ட். விடிந்ததும் வருவார். காப்பி குடிப்பார். படுப்பார். எங்களுக்குப் பகல் என்பது அவருக்கு இரவு.

அதனால் எங்கள் வீட்டில் பகலில் சத்தமே கிடையாது. சமையலறைக் குழாயின் வாயில் ஒரு துணி கட்டியிருக்கும், தண்ணீர் அதன் வழியாக ஓசையில்லாமல் வழியும். ரேடியோவை அலமாரிக்குள் வைத்து, கதவைச் சாத்தி, அதன்மேல் காதை வைத்துக் கேட்போம். குக்கரில் வெயிட் போட்டபின் அம்மா அடுப்பை விட்டு நகரமாட்டாள். விசில் வரப்போகிற அந்த உஸ் கேட்டதும் சட்டென்று அணைத்துவிடுவாள். எங்கள் வீட்டுச் சாதம் எப்போதும் ஒரு விசில் குறைவு. மற்றவர்கள் வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் சாதம் குழைந்துவிட்டது என்றே நான் நினைத்து வளர்ந்தேன்.

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் செருப்பைக் கழற்றும்போதே எங்கள் முகத்தைப் பார்த்து, "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று குசுகுசுவென்று கேட்பார்கள்.

அம்மா கல்யாணத்துக்கு முன் முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்டவள். பள்ளிக்கூடத்துப் போட்டிகளில் அவளுக்குக் கொடுத்த எவர்சில்வர் டம்ளர்களில்தான் நாங்கள் காப்பி குடித்தோம். ஆனால் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. பார்த்திருக்கிறேன். காய் நறுக்கி முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்காருவாள். உதடு அசையும். இடதுகை தொடையின் மேல் மெதுவாகப் பட்டு எழும். பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மறுபடி உள்ளங்கை, பிறகு கை மல்லாக்கத் திரும்பும், அது இரண்டு தரம். ஆதி தாளம். எட்டு எண்ணிக்கை. அத்தனையும் ஒரு பொட்டுச் சத்தம் இல்லாமல்.

பாடக்கூடாது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. பகலில் மனுஷன் தூங்குகிறார், ராத்திரியில் அக்கம்பக்கம் தூங்குகிறது, அவ்வளவுதான்.

மொட்டை மாடி கம்பைண்ட் ஸ்டடி

அம்மா சாயங்காலங்களில் தி.நகரில் ஒரு டுடோரியலில் சேர்ந்தாள். அங்கே அவளுக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி ஜரீனா. ராயப்பேட்டைப் பெண், என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள். அவர்கள் குடும்பத்துக்கு மெத்தைக் கடை இருந்தது. ஜரீனாவும் கெமிஸ்ட்ரியில்தான் மாட்டிக்கொண்டிருந்தாள். தேறிவிட்டால் மருந்தாளர் படிப்பான டி.பார்மில் சேர அவள் அத்தா சம்மதித்திருந்தார்.

டுடோரியல் வாத்தியார் நடத்துவது புரியவில்லை என்று இருவரும் என்னிடம் வந்து சேர்ந்தார்கள். நான் அப்போது வகுப்பில் கெமிஸ்ட்ரியில் முதல். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், மூவரும் பாயைப் போட்டு உட்காருவோம். கீழே அப்பா தூங்குவதால் அங்கேயும் அரைக்குரல்தான்.

லஸ் பக்கம் பழைய புத்தகக் கடையில் அம்மாவுக்கு ஒரு தமிழ் மீடியம் கைடு வாங்கியிருந்தேன். அதைப் படித்த புண்ணியவான் பென்சீன் வளையத்துக்குள் 'கீதா' என்று எழுதி வைத்திருந்தான். பாஸ் பண்ணினானோ, கீதா கிடைத்தாளோ தெரியாது. ஜரீனா அந்தப் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் "பாவம்பா" என்பாள்.

வேதிப் பிணைப்பு அம்மாவுக்குச் சுலபமாக வந்தது. சோடியத்தின் கடைசி வட்டத்தில் ஒரே ஒரு எலக்ட்ரான். அதை விட்டுவிட்டால் நிம்மதி. குளோரினுக்கு ஒன்று குறைகிறது. கிடைத்தால் நிம்மதி. ஒன்று கொடுக்கிறது, மற்றது வாங்குகிறது, உப்பு கிடைக்கிறது.

"இதுக்கா அப்போ ஃபெயில் ஆனேன்?" என்றாள் அம்மா.

கார்பன் யாருக்கும் கொடுக்காது, யாரிடமும் பறிக்காது, பங்கு போட்டுக்கொள்ளும் என்றேன். அதற்கும் தலையாட்டினாள். அடுத்தது ஈதல் பிணைப்பு. இரண்டு எலக்ட்ரானையும் ஒரே அணு கொடுக்கும், ஆனால் பிணைப்பு இருவருக்கும் பொது என்று சொன்னதும் ஜரீனா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது எங்க கடை கதை மாதிரி கீதே. ராவும் பகலும் தச்சிக்கினு குந்தினு இருக்கறது நானு. போர்டுல அண்ணன் பேரு."

அதற்குப் பிறகு ஈதல் பிணைப்பை அவர்கள் இருவரும் மறக்கவே இல்லை.

தகராறு வந்தது தனிம வரிசையில்தான்.

இறங்கற இடம்

பட்டியலில் இரண்டாவது வரிசை. லித்தியம், பெரிலியம், போரான், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், புளூரின், நியான். மொத்தம் எட்டு. இடமிருந்து வலமாகப் போகப்போக அணுக்கருவின் பிடி இறுகும். அதனால் ஒரு எலக்ட்ரானைப் பிடுங்குவதற்கு வேண்டிய ஆற்றல் ஏறிக்கொண்டே போகும். அதற்கு அயனியாக்கும் ஆற்றல் என்று பெயர். இதுவரை சரி.

ஆனால் இரண்டு இடத்தில் அது ஏறாது. பெரிலியத்திலிருந்து போரானுக்குப் போகும்போது இறங்கும். நைட்ரஜனிலிருந்து ஆக்சிஜனுக்குப் போகும்போது மறுபடி இறங்கும். எங்கே இறங்குகிறது, ஏன் இறங்குகிறது. ஐந்து மார்க். வருஷா வருஷம் வரும் என்று எங்கள் மிஸ் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார்.

அம்மாவுக்கு அது மண்டையில் ஏறவில்லை. இன்று சொன்னால் நாளைக்குக் கார்பனில் இறக்குவாள். நாளை திருத்தினால் மறுநாள் புளூரினில் இறக்குவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டே ரெண்டு இடம்மா. இதுகூடவா ஞாபகம் இருக்காது?"

"கத்தாதேடீ, அப்பா முழிச்சுக்கப் போறார்," என்றாள். பிறகு, "ஒண்ணு பண்ணு. எதுக்குக் கம்மி, எதுக்கு ஜாஸ்தின்னு வரிசையா எழுதிக் குடு. கம்மிலேந்து ஆரம்பி," என்றாள்.

எழுதினேன். லித்தியம், போரான், பெரிலியம், கார்பன், ஆக்சிஜன், நைட்ரஜன், புளூரின், நியான்.

அம்மா அந்தத் தாளை வாங்கி, ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு எழுத்து எழுதினாள். லித்தியத்துக்குக் கீழே ச. போரானுக்கு ரி. பெரிலியத்துக்கு க. கார்பனுக்கு ம. ஆக்சிஜனுக்கு ப. நைட்ரஜனுக்கு த. புளூரினுக்கு நி. நியானுக்கு மேல் ச. எட்டுக்கு எட்டு, கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

"இப்போ பட்டியல்ல இருக்கற வரிசையில சொல்லு," என்றாள்.

நான் லித்தியம், பெரிலியம் என்று சொல்லச் சொல்ல, அவள் அததன் ஸ்வரத்தை முணுமுணுத்தாள். ச க ரி ம, த ப நி ச. இடதுகை தானாகத் தொடையில் விழுந்து தாளம் போட்டது.

"இது வக்ரம்டீ," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

சில ராகங்கள் படியேறுவதுபோல் நேராக மேலே போகாது. இரண்டு படி ஏறி, ஒரு படி இறங்கி, மறுபடி ஏறும். பாட்டுக்காரர்கள் அதை வக்ரம் என்பார்கள். எங்கள் அம்மா கெமிஸ்ட்ரிப் புத்தகத்தில் ஒரு வக்ர வரிசையைக் கண்டுபிடித்துவிட்டாள். மோதிரவிரலை மடக்கும்போது போரான், அங்கே ஒரு இறக்கம். கை மல்லாக்கும்போது ஆக்சிஜன், அங்கே ஒரு இறக்கம்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "பாடினா மார்க் போடமாட்டான். காரணம் எழுதணும்."

"எங்க திரும்பறதுன்னு தெரிஞ்சாத்தானேடீ ஏன் திரும்பறதுன்னு கேக்கத் தோணும்? இப்போ கேக்கறேன். போரான்ல ஏன் இறங்கறது?"

சொன்னேன். முதல்முறையாக அது உள்ளே போனது. போரானின் கடைசி எலக்ட்ரான் சற்றுத் தள்ளி ஒரு புதிய இடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறது, பிடி தளர்வு. நைட்ரஜனில் மூன்று இடத்தில் மூன்று பேர் சமமாக உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் அசையமாட்டார்கள். ஆக்சிஜனில் நாலாவதாக ஒருவர் வந்து ஒரு இடத்தில் நெருக்கியடித்து உட்காருகிறார், இடிபடுகிறது, ஒருவரைக் கிளப்புவது சுலபம். அம்மா திருப்பிச் சொன்னாள். ஜரீனாவும் சொன்னாள். பாட்டையும் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பின் பரீட்சை வரை அம்மா அதைப் பாடாத நாளில்லை. உதட்டால் மட்டும். வெண்டைக்காய் வதங்கும்போது, பஸ்ஸில், கோயில் மண்டகப்படிக் கூட்டத்தில் நிற்கும்போது. கபாலி கோயில் வாசலில் ஒருமுறை நைட்ரஜன் வரைக்கும் வந்து, தெரிந்தவர் யாரோ குறுக்கே பேச, அவரை அனுப்பிவிட்டு ஆக்சிஜனிலிருந்து தொடர்ந்தாள்.

ஜரீனா சொன்னது

சாத்திய கேட்டைத் தள்ளிக்கொண்டு முதலில் வந்தது ஜரீனா. வெளிறிப் போயிருந்தாள்.

"அம்மா எங்க?"

"வர்றாங்க. நீ மொதல்ல பதறாத. மாமி ஒண்ணும் தப்பு பண்ல," என்றாள். இப்படி யாராவது ஆரம்பித்தால் பதறாமல் என்ன செய்வது.

நடந்தது இதுதான். அம்மாவுக்கு நேர் பின்னால் ஜரீனாவுக்கு இடம். ஒரு மார்க் கேள்விகளை முடித்துவிட்டு அம்மா ஐந்து மார்க்குக்கு வந்திருக்கிறாள். அந்தக் கேள்வி. இடதுகை மேஜை ஓரத்துக்குப் போய்விட்டது. உள்ளங்கை, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்.

பிரைவேட்டாக எழுதுகிறவர்களின் ஹாலில் விரலுக்கு வேறு அர்த்தம் உண்டு. ஒரு மார்க் கேள்விக்கு நாலு விடை. ஒரு விரல் காட்டினால் முதல் விடை, இரண்டு விரல் காட்டினால் இரண்டாவது. ஹால் சூப்பர்வைசர் எத்தனையோ பேரை அப்படிப் பிடித்திருப்பார். பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் பறக்கும் படை உள்ளே வந்திருக்கிறது. கண்ணாடி போட்ட ஒரு மேடம். சூப்பர்வைசர் அம்மாவைக் கைகாட்டிவிட்டார்.

"மேடம் வந்து, 'எழுந்திருங்க. விரல்ல யாருக்கு என்ன காட்டறீங்க'ன்னு கேட்டுச்சு. மாமி, 'தாளம் போட்டேன்'னு சொல்லிச்சு. 'பரீட்சையில எதுக்குத் தாளம்'னு கேட்டா, 'விடைக்கு'ன்னு சொல்லுது. ஹாலே சிரிக்குது."

"அப்புறம்?"

"மேடம், 'எந்த விடைக்கு, இங்கயே பாடிக் காட்டுங்க'ன்னுச்சு. மாமி பேனாவ மூடி வெச்சுது. அப்புறம் சொல்லிச்சு பாரு, 'நான் இங்க பாடினா இவாளுக்கெல்லாம் விடை தெரிஞ்சுடும். அப்போ நீங்க சொன்ன தப்பைப் பண்ணினவளா ஆயிடுவேன். வெளியில வாங்கோ, பாடறேன்'னு."

ஜரீனா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வராந்தா கடைசியில தண்ணி டிரம்மு கீதுல்ல, அங்க இட்டுனு போய்ட்டாங்க. ஜன்னல்ல பாத்தேன். மாமி கைய கட்டிக்கினு நிக்குது, மேடமும் நிக்குது. அப்புறம் சத்தம் வந்துச்சு. வார்த்தை ஒண்ணியும் தெரியல. ராகம் மட்டும் வந்துச்சு. மாமிக்கு அவ்ளோ பெரிய தொண்டைன்னு நான் நினைக்கவே இல்ல."

"வேற யாருக்கும் விடை புரிஞ்சுடலையே?"

"யாருக்குப் புரியும்? எனக்கு மட்டும் தெரிஞ்சிது. வார்த்தை தெரிஞ்சவ நான் ஒருத்திதானே." கொஞ்சம் தயங்கினாள். "எனக்கு அது மறந்துகினு இருந்துச்சு. கேட்டதும் ஞாபகம் வந்துச்சு. அது காப்பி இல்லல்ல?"

எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. இல்லை என்று சொன்னேன். இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

அந்த மேடம் காரணமும் கேட்டிருக்கிறார். அம்மா சொல்லியிருக்கிறாள். போய் எழுதுங்கள் என்று உள்ளே அனுப்பிவிட்டார். ஆனால் அதற்குள் நேரம் போய்விட்டது. அதோடு சூப்பர்வைசர் ஏற்கெனவே ஏதோ எழுதிவிட்டதால், மணி அடித்தபின் அம்மாவையும் ஜரீனாவையும் உட்கார வைத்து விளக்கம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். கேஸ் போட்டுவிட்டால் ரிசல்ட்டை நிறுத்தி வைப்பார்கள். ஜூன் போய்விடும். வேலையும் போய்விடும்.

அம்மா வந்தாள். ஹால் டிக்கெட்டும் பேனாவும் கைக்குட்டையும் ஒரே கையில். ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"எழுத விட்டாளா? அஞ்சு மார்க் எழுதினியா? கேஸ் போட்டிருக்காளா?"

அம்மா என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் அது நான் பயந்த மாதிரிக் கலக்கம் இல்லை.

"குரல் நன்னா இருக்காம்டீ," என்றாள்.

"யார் குரல்?"

"என்னோடதுதான். அந்த மேடம் சொன்னா. கச்சேரி பண்ணுவேளான்னு கேட்டா."

"அம்மா, கேஸ் போட்டாளா இல்லையா?"

"தெரியலடீ. என்னமோ எழுதி வாங்கிண்டா. தாளம் போட்டேன், சைகை காட்டலைன்னு எழுதிக் குடுத்தேன்." ஜரீனாவின் தோளைத் தட்டினாள். "நீ போரானை விட்டுடலையே?"

எனக்கு அழுவதா, அவளைத் திட்டுவதா என்று தெரியவில்லை. வெள்ளரிக்காரம்மாள் மட்டும், "அம்மா வந்துட்டாங்கல்ல, கூட்டினு போ கண்ணு," என்று சொல்லி இன்னும் இரண்டு பிஞ்சு கொடுத்தாள். பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

காத்திருந்த இரண்டு மாதம்

அன்று சாயங்காலம் அப்பா எழுந்து முகம் கழுவியதும் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ம்" என்றார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அப்பா எதற்குமே அதற்குமேல் பேசமாட்டார்.

அம்மா தினமும் பள்ளிக்கூடம் போய்வந்தாள். லீவு விட்டபின்னும் ஆபீஸ் இருந்தது. கரஸ்பாண்டென்ட் ஒருநாள் கூப்பிட்டு, "ரிசல்ட் எப்போ வரும் மேடம்?" என்று கேட்டாராம். வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, "வேற ஒருத்தி வந்து மனு குடுத்துட்டுப் போயிருக்கா. சின்னப் பொண்ணு. நன்னாத்தான் இருக்கா," என்றாள். அன்று அவள் உதடுகூட அசையவில்லை. எனக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

என் ரிசல்ட்டைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. அந்த இரண்டு மாதமும் நான் நினைத்ததெல்லாம் அவளுடைய நம்பரைத்தான்.

ஈரம் காயாத தாள்

ரிசல்ட் பேப்பரில் வரும் நாள். அந்தக் காலத்தில் தேறியவர்களின் நம்பர்களைப் பத்தி பத்தியாகப் பொடி எழுத்தில் போடுவார்கள். ஊர் முழுவதும் பேப்பர்காரனுக்காக வாசலில் நிற்கும். எங்கள் வீட்டில் பேப்பரை அச்சடித்தவரே கொண்டுவர வேண்டும்.

இன்னும் சரியாக விடியவில்லை. அம்மா குளித்துவிட்டு அரிசி களைந்து குக்கரை ஏற்றியிருந்தாள். காப்பி டம்ளரோடு கூடத்துக்கு வந்தபோது அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரோடு எப்போதும் வரும் மை வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் வந்தன. சட்டைக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்துத் தரையில் விரித்தார். மை இன்னும் காயவில்லை.

"உன் நம்பர் இருக்கு," என்றார் அம்மாவிடம்.

அம்மா டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "எங்க?" என்றாள்.

விரலை வைத்துக் காட்டினார். அவள் குனிந்து, அதே இடத்தில் தன் விரலை வைத்தாள். எடுத்தபோது விரல் நுனி கறுப்பாக இருந்தது.

"எனக்கு?" என்றேன்.

"உனக்கு இருக்கும்னு தெரியும். அதனால அப்புறமா பாத்தேன். இருக்கு." இன்னொரு மடிப்பைப் பிரித்தார். "அந்த மெத்தைக்கடைப் பொண்ணு நம்பரும் இருக்கு."

ஜரீனாவின் நம்பர் அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் மூவருடைய ஹால் டிக்கெட்டும் பரீட்சைக்கு முதல் நாள் சாமி அலமாரியில் இருந்தன. குறித்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஜூனில் அம்மா மார்க் ஷீட்டைக் கரஸ்பாண்டென்ட் மேஜையில் வைத்ததையும், வேலை நிரந்தரமானதையும், ரிடையர் ஆகும்வரை அந்த வராந்தாவில் நின்று அவள் பெயர் கூப்பிட்டதையும் வேண்டுமானால் இன்னொரு நாள் விரிவாக எழுதலாம். இந்த வாரம் நான் சொல்ல வந்தது அந்த விடியற்காலையைப் பற்றித்தான்.

அப்பா காப்பியைக் குடித்தார். வழக்கமாக அடுத்தது படுக்கை. அன்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"வைதேகி, நீ அங்க என்னமோ பாடினியாமே. என்ன அது?"

இரண்டு மாதம் கழித்துக் கேட்கிறார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். உதடு அசைந்தது. இடதுகை தொடையில் பட்டு எழுந்தது.

"கேக்கலையே," என்றார் அப்பா.

"இல்ல, நீங்க படுத்துக்கணுமேன்னு..."

"நான் முழிச்சிண்டுதானே இருக்கேன்," என்றார். "சத்தமா பாடு."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு பாடினாள்.

லித்தியம். பெரிலியம். போரான். ஜரீனா சொன்னது நிஜம், அவ்வளவு பெரிய தொண்டை. அந்தச் சின்னக் கூடம் அதற்குப் போதவில்லை. கூடவே இருந்தும் இத்தனை வருஷமாக நான் அதைக் கேட்டதில்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. நியானில் போய் நின்று, நிறுத்தினாள்.

"மூணாவதுல ஏன் கீழ இறங்கறது?" என்று கேட்டார் அப்பா. அவருக்குப் பாட்டும் தெரியாது, கெமிஸ்ட்ரியும் தெரியாது.

"அது போரான். அதோட கடைசி எலக்ட்ரான் கொஞ்சம் தள்ளித் தனியா இருக்கு. பிடி ஜாஸ்தி இல்ல. லேசா இழுத்தா வந்துடும்," என்றாள் அம்மா.

அப்பா தலையாட்டினார். "இன்னொரு தடவை பாடு."

அம்மா மறுபடி ஆரம்பித்தாள். பாதியில் குக்கரிலிருந்து அந்த உஸ் வந்தது. எனக்கு வழக்கப்படி கால் பரபரத்தது. அம்மா என் முழங்காலில் கைவைத்து அழுத்திவிட்டுப் பாடிக்கொண்டே போனாள்.

விசில் அடித்தது. மூவரும் உட்கார்ந்தே இருந்தோம்.